வாய்க்கால் மனுவை டெல்லிக்கு அனுப்பலாமா? வேளாண்மையைக் கவனிக்கும் அவைக் குழுக்கள்: கடலூர், புதுவை விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேத்தியாத்தோப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை. எங்கள் பக்கத்து விவசாயச் சங்கத்து மனுக்கள் பாதி அங்கேதான் உருவாகும். ஒருநாள் பெரியவர் ஒருவர் மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டை என் முன்னால் விரித்தார். ஒன்றிய அரசு விவசாயிக்கு ஆண்டுதோறும் தரும் பிஎம் கிசான் பணத்தை 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக உயர்த்த வேண்டும் என்று நாடாளுமன்றக் குழு சொல்லியிருந்த செய்தி. "பன்னெண்டாயிரம் குடுக்கச் சொன்ன குழு, நம்ம வாய்க்காலத் தூர்வாரச் சொல்லாதா தம்பி? அவங்களுக்கே எழுதிடுவோமே" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எழுதியிருந்தால் தபால் செலவுதான் மிச்சம். அந்தக் குழுவின் வேலை வேறு, வாய்க்காலுக்கான இடம் வேறு. பல வருடமாகச் சங்கத்துக்கு மனு எழுதியதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: மனு தோற்பது பெரும்பாலும் கோரிக்கை தவறாக இருப்பதால் அல்ல, போய்ச் சேரும் இடம் தவறாக இருப்பதால். எந்தக் குழு எதற்கு, எப்படி எழுதுவது, எழுதியபின் எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

டெல்லிக் குழு வந்த கதை

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 14-வது இனம். தண்ணீர் 17-வது இனம். ஆனாலும் கொள்முதல் விலை, உர மானியம், பயிர்க் காப்பீடு, ஆராய்ச்சி நிலையங்கள் என்று பெரிய பணமெல்லாம் டெல்லியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பணத்தையும் கொள்கையையும் வரி வரியாகப் பார்க்க 543 பேர் உட்கார்ந்த அவைக்கு நேரம் கிடையாது. ஒரு காலத்தில் பல அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் (ஆண்டுச் செலவுக்கு அவையிடம் கேட்கும் தொகை) விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறும். இப்போதும் அப்படி நடப்பதுண்டு.

இதற்கு மாற்றாகத்தான் 1989 ஆகஸ்டில் மூன்று துறைக் குழுக்களைச் சோதனையாக அமைத்தார்கள். அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் வனம், இவற்றோடு வேளாண்மை. அந்த முதல் மூன்றில் வேளாண்மை இடம்பிடித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அது பலன் தந்ததால் 1993 ஏப்ரலில் எல்லா அமைச்சகங்களையும் பங்கிட்டு 17 நிலைக்குழுக்கள் வந்தன. 2004-ல் அது 24 ஆனது. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. பதவிக்காலம் ஓராண்டு. நம் வேளாண்மைக் குழுவுக்கு இன்றைய பெயர் வேளாண்மை, கால்நடை பராமரிப்பு மற்றும் உணவு பதப்படுத்துதல் நிலைக்குழு. மீன்வளமும் இதற்குள்தான் வரும் என்பதால் தேவனாம்பட்டினத்து மீனவருக்கும் இது சம்பந்தப்பட்ட குழுவே.

இதன் வேலை நான்கு: அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆராய்வது, அவைத்தலைவர் அனுப்பும் மசோதாக்களைப் பார்ப்பது, அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளைப் படிப்பது, நீண்டகாலக் கொள்கை பற்றிக் கருத்துச் சொல்வது. அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. நம் பெரியவரின் வாய்க்கால் இந்த இடத்திலேயே அடிபட்டுவிடுகிறது.

குழு சொல்வது பரிந்துரை, உத்தரவு அல்ல. ஆனால் அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைக் குழு நான்காகப் பிரிக்கும்: அரசு ஏற்றவை, அரசின் பதிலைப் பார்த்து குழு வற்புறுத்தாமல் விட்டவை, குழு ஏற்க மறுத்த பதில்கள், இறுதிப் பதில் வராதவை. நடவடிக்கை அறிக்கை என்று இது தனியாக வெளியாகும். முதல் அறிக்கை செய்தியாகிவிடும், இதை யாரும் படிப்பதில்லை. நான் முதலில் புரட்டுவது இதைத்தான், அதுவும் மூன்றாவது பிரிவை. அரசும் குழுவும் முட்டிக்கொள்ளும் இடம் அங்கே தெரியும்.

அதிகாரம் இல்லையென்றால் என்ன பயன் என்று கேட்கலாம். 2012 ஆகஸ்டில் இந்தக் குழு மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி ஓர் அறிக்கை தந்தது. மகாராஷ்டிரத்தின் யவத்மால் பக்கம் பருத்தி கிராமங்களுக்கு நேரில் போய் விவசாயிகளிடம் கேட்டு, எல்லாக் கட்சி உறுப்பினரும் சேர்ந்து, வயல்வெளிச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார்கள். பாலூர் ஆராய்ச்சி நிலையத்துக் கத்தரி ரகம் விளைந்த மண் நம்முடையது. மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய் விவகாரம் நமக்கு வெறும் செய்தி இல்லை. மறுபக்கம், 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களையும் எந்தக் குழுவுக்கும் அனுப்பாமலே நிறைவேற்றினார்கள். ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் போராட்டம் நடந்து, 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். குழு அறையில் நடந்திருக்க வேண்டிய வாதம் சாலையில் நடந்தது என்பது என் கருத்து.

பெரியவரின் செய்தித்தாள் துண்டு 2024 டிசம்பர் அறிக்கையைப் பற்றியது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அடுத்து வந்த 2025-26 நிதிநிலை அறிக்கையில் 6,000 அப்படியே 6,000 ஆகத்தான் இருந்தது.

படி 1: பிரச்சினை எந்தத் துறையுடையது என்று பிரியுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. வயலில் எல்லாம் ஒரே கஷ்டம்தான், ஆனால் காகிதத்தில் அது ஏழெட்டுத் துறையாக உடையும்.

நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டிபிசியில், அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சிப்பத்தைத் திருப்புகிறார்கள். அந்த 17-ஐ நிர்ணயிப்பது ஒன்றிய உணவுத் துறை. தளர்த்த வேண்டுமென்றால் மாநில அரசு கேட்க, ஒன்றியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போக, அப்புறம்தான் உத்தரவு. அந்தத் துறையைக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றக் குழு வேளாண்மைக் குழு அல்ல, நுகர்வோர் நலன், உணவு, பொது விநியோகக் குழு. அதே டிபிசியில் சாக்கு இல்லை, கூரை இல்லை, மழையில் நெல் முளைத்துவிட்டது என்றால் அது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பொறுப்பு. டெல்லிக்குப் போகவே வேண்டாம்.

யூரியா கிடைக்கவில்லை என்றால் ரசாயனம், உரம் அமைச்சகம். அதற்கும் தனிக் குழு. கரும்புக்கு நியாய ஆதாய விலையை அறிவிப்பது ஒன்றிய அரசு. ஆலை பணம் தராமல் இழுத்தால், 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளைத் தாண்டிய பாக்கிக்கு 15 சதவீத வட்டி கேட்கலாம். அதை வசூலித்துத் தர வேண்டியது மாநில நிர்வாகம். நெய்வேலி நிலப் பிரச்சினையில், சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் என்எல்சி நிறுவனம் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ஆகவே நிலக்கரி, சுரங்கம், எஃகு நிலைக்குழு. அங்கே பறிபோவது விளைநிலம்தான், ஆனாலும் வேளாண்மைக் குழுவின் எல்லைக்குள் அது நேராக வராது. எனக்கு இது இன்றும் உறுத்துகிற ஏற்பாடு.

சரி, வேளாண்மைக் குழுவுக்கு நேரே என்னதான் போகும்? பயிர்க் காப்பீடு, பிஎம் கிசான், வேளாண் அறிவியல் மையங்கள், விதைச் சட்டம் போன்றவை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. முந்திரி மீண்டும் காய்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மரப்பயிருக்குக் காப்பீடு எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பது டெல்லிக் குழுவிடம் போக வேண்டிய கச்சிதமான விஷயம்.

படி 2: சென்னையில் உங்களுக்கான குழுவைக் கண்டுபிடியுங்கள்

கேரளச் சட்டமன்றம் 1980-லேயே துறைவாரிக் குழுக்களை அமைத்தது. வேளாண்மைக்கென்று அங்கே தனிக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனிக் குழு இல்லை. 2021 ஆகஸ்ட் 14-ல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வந்தது. அதை வாசித்த அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் நம் குறிஞ்சிப்பாடித் தொகுதிக்காரர். தனி பட்ஜெட் வந்தும், அதை வருடம் முழுக்கத் தொடர்ந்து கவனிக்கத் தனிக் குழு வரவில்லை. மானியக் கோரிக்கை எண் 5 வேளாண்மை, எண் 40 பாசனம். அவையில் விவாதம் நடக்கும், பதிலுரை வரும், கோரிக்கை நிறைவேறும்.

ஆகவே இருக்கும் குழுக்களை வைத்துத்தான் நாம் காரியம் பார்க்க வேண்டும். ஒதுக்கிய பணம் சரியாகச் செலவானதா என்று தணிக்கை அறிக்கையை வைத்துக் கேட்பது பொதுக் கணக்குக் குழு. ஒதுக்கீட்டில் சிக்கனம், திட்டத்தின் நடப்பு ஆகியவற்றைப் பார்ப்பது மதிப்பீட்டுக் குழு. நுகர்பொருள் வாணிபக் கழகம் போன்ற அரசு நிறுவனங்களைப் பார்ப்பது பொது நிறுவனங்கள் குழு. இவையெல்லாம் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும். சாதாரண ஆள் நேராக மனுவோடு போகக்கூடியது மனுக்கள் குழு. அமைச்சர் கொடுத்த வாக்கைப் பின்தொடர்வது அரசு உறுதிமொழிக் குழு. நமக்கு அதிகம் உதவுவது இந்தக் கடைசி இரண்டும்தான்.

படி 3: மனுக்கள் குழுவுக்கு எழுதுதல்

குழு மாவட்டத்துக்கு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியர் பெயரில் செய்திக்குறிப்பு வரும், நாளிதழ்களில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாக. மனு போய்ச் சேரக் கடைசித் தேதி அதில் இருக்கும். பெரும்பாலும் கேட்பது: தமிழில் எழுதிய மனு, ஐந்து பிரதிகள், தேதியிட்ட கையெழுத்து. முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600009. ஒவ்வொரு முறையும் அந்தச் செய்திக்குறிப்பில் உள்ளபடியே செய்யுங்கள். போன தடவை இப்படித்தான் என்று இருந்துவிட வேண்டாம்.

விதிகளில் மிக முக்கியமானது, ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்தது. எங்கள் முதல் மனு இதில்தான் விழுந்தது. வாய்க்கால் தூர்வார வேண்டும், டிபிசிக்குக் களம் வேண்டும், வெள்ள நிவாரணம் விட்டுப்போனவர்களுக்குக் கிடைக்க வேண்டும், கடைசி வரியில் சங்கப் பொருளாளரின் மைத்துனருக்குப் பட்டா. ஒரே தாளில் நான்கும். எழுதும்போது திருப்தியாகத்தான் இருந்தது! அப்புறம்தான் தெரிந்தது, நான்கும் நான்கு துறை, பட்டாவோ கேட்கவே கூடாத இனம். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, வேலைவாய்ப்பு, முதியோர் உதவித்தொகை, பட்டா, வங்கிக்கடன், பணியிட மாறுதல் இவையெல்லாம் இந்தக் குழுவின் வரம்புக்கு வெளியே. பல ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் பொதுப் பிரச்சினைதான் அதற்கு வேண்டும்.

இன்னொரு தவறு, துறையின் பெயர். எங்கள் பக்கம் இன்றும் எல்லோரும் பிடபிள்யூடி என்றுதான் சொல்வோம், மனுவிலும் பொதுப்பணித் துறை என்று எழுதிவிடுவோம். 2021-லேயே நீர்வளத் துறை தனியாகப் பிரிந்துவிட்டது. சில சின்ன வாய்க்கால்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். அதை முதலில் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது முறை வாய்க்காலை மட்டும் வைத்து எழுதினோம். இப்படி அமைத்தோம்:

முதல் பத்தியில் இடம். ஊர், ஒன்றியம், வட்டம், வாய்க்காலின் பெயர், எந்த மதகிலிருந்து எந்த ஊர் வரை. "வீராணம் பாசனம்" என்று மொட்டையாக எழுதக் கூடாது. வீராணம் 47.50 அடி நிரம்பினாலும், மேல்மடை வயலில் தண்ணீர் நிற்கும்போது கடைமடை வெடித்துக் கிடக்கும். சென்னைக் குடிநீருக்கும் அதே ஏரிதான். எந்த மடை என்று எழுதினால்தான் பொறியாளரைக் கேள்வி கேட்க முடியும்.

இரண்டாம் பத்தியில் கணக்கு. எத்தனை பேர், எவ்வளவு ஏக்கர், எந்தெந்த வருடம் சம்பா காய்ந்தது அல்லது மூழ்கியது. இதற்கு விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) அடங்கல், அதாவது பயிர்ப் பதிவேட்டின் நகல் வாங்கி இணைத்தோம். "ஆயிரக்கணக்கான விவசாயிகள் பாதிப்பு" என்று நாளிதழ்த் தலைப்பு மாதிரி எழுதாதீர்கள். 63 பேர் என்றால் 63 பேர்.

மூன்றாம் பத்தியில் இதுவரை கொடுத்த மனுக்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த தேதி, மனு எண், வந்த பதில். எங்களுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து மூன்று வருடமும் ஒரே பதில்: "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பணி மேற்கொள்ளப்படும்." தேதியைத் தவிர எழுத்து மாறவில்லை. அந்த மூன்று கடிதத்தின் நகலையும் வரிசையாக வைத்தோம். நாங்கள் எழுதிய எந்த வாசகத்தையும்விட அந்த மூன்று தாள்தான் பேசியது.

கடைசியில் கோரிக்கை, ஒரே வாக்கியம். நிதிநிலைமை தெரிந்தது மாதிரி ஆலோசனையெல்லாம் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதோடு ஒரு பிரதியைச் சங்கக் கோப்பில் வையுங்கள்.

படி 4: குழு வரும் நாள்

மனு ஆய்வுக்கு எடுக்கப்பட்டால் மனுதாரருக்குத் தகவல் வரும். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில், மனுதாரர் முன்னிலையிலேயே துறை அலுவலரிடம் விளக்கம் கேட்பார்கள். குழு சில இடங்களை நேரில் பார்க்கவும் போகும்.

எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாறு நிமிடம் இருக்கும். பத்து பேர் போய் ஆளாளுக்குப் பேசினால் அந்த நேரம் கூச்சலிலேயே போய்விடும். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் கோப்பை வைத்துக்கொள்ளட்டும். அலுவலர் வழக்கம்போல "நிதி வந்ததும் செய்துவிடுவோம் ஐயா" என்றார். உறுப்பினர் ஒருவர் எங்கள் மூன்று கடிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மதிப்பீடு தயாரிச்சு அனுப்பினீங்களா? எந்தத் தேதியில?" என்று கேட்டார். அரங்கு அமைதியாகிவிட்டது. மதிப்பீடே அனுப்பாமல் நிதி எங்கிருந்து வரும்? அந்தக் கேள்வியைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்களே கேட்டிருக்கலாம், எங்களுக்குத் தோன்றவில்லை.

அங்கே சொல்லப்பட்ட காலக்கெடுவை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, அந்த மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டித் துறையிடம் கேட்கலாம்.

படி 5: அமைச்சரின் வாக்கைப் பிடியுங்கள்

இது பலருக்குத் தெரியாத வழி. அவையில் அமைச்சர் "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட வாசகங்கள் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறக்கூடியவை. மக்களவையில் எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழி ஆகும் என்பதற்குப் பட்டியலே இருக்கிறது. நிறைவேற்ற மூன்று மாதக் கெடுவும் உண்டு.

செய்ய வேண்டியது: உங்கள் சட்டமன்ற உறுப்பினரை வைத்துக் கேள்வியாகவோ மானியக் கோரிக்கை விவாதத்திலோ பிரச்சினையை எழுப்ப வையுங்கள். கடலூர் மாவட்டத்தில் ஒன்பது தொகுதி இருக்கிறது. உங்களுடையவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது இதற்கு அவ்வளவு முக்கியமில்லை. அமைச்சரின் பதில் எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துக்கொண்டு, அவை நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியைத் தேடி எடுங்கள். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் 110 விதியின் கீழ் (அமைச்சர் தாமாகவே அவையில் வாசிப்பது) வந்த அறிவிப்புகளையும் பாருங்கள். பிறகு அந்த வரியைக் குறிப்பிட்டு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள். புதிதாக எதையும் கேட்கவில்லை, சொன்னதைத்தான் கேட்கிறோம் என்பதால் இந்தக் கடிதத்தைத் தள்ளிவிடுவது கடினம்.

படி 6: டெல்லிக்கு எழுதும் நேரம்

நாடாளுமன்றக் குழு ஒரு மசோதாவையோ தலைப்பையோ எடுக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் தரும். பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம். கருத்துரை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், இரண்டு பிரதி. கடைமடை விவசாயிக்கு இது பெரிய தடைதான். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், ஆனால் விஷயத்தை நீங்கள் சொல்லுங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விரும்பினால் அதையும் கடிதத்திலேயே எழுத வேண்டும். அனுப்பியது குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியம் காக்கப்பட வேண்டும். உடனே முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

புதுவைக்காரர்களுக்கு

பாகூர், வில்லியனூர் விவசாயிக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். புதுவைச் சட்டப்பேரவை 1963 ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டப்படி இயங்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேர், நியமன உறுப்பினர் 3 பேர் வரை. நிதிநிலை அறிக்கையை அவையில் வைக்கும் முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அதாவது நடைமுறையில் டெல்லியின் ஒப்புதல் வேண்டும். அதனால் பாகூர் ஏரிக்குப் பணம் இல்லை என்று பதில் வந்தால், முடிவு எந்த மேசையில் நின்றது என்பதை முதலில் கேட்க வேண்டும். பேரவையின் மனுக்கள் குழுவும் உறுதிமொழிக் குழுவும் அங்கேயும் உண்டு. அவை சின்னது என்பதால் உறுப்பினரை நேரில் பிடிப்பது எளிது. அது ஒரு வசதி.

பெரியவரின் வாய்க்காலுக்கு மதிப்பீடு போனது, மறு வருடம் பொக்லைன் வந்தது, மூன்றில் இரண்டு பங்கு தூர்வாரினார்கள். மீதிப் பங்கு பக்கத்து ஒன்றிய எல்லையில் இருக்கிறது. அதற்குத் தனி மனு, தனித் துறை. ஐந்து பிரதிக்கும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம், செய்திக்குறிப்பு வரட்டும் என்று.